தொலைநோக்குள்ள தொழிலதிபர்கள்

சமயநல்லூரில் ஒரு பைனாகுலர் தொழிற்சாலை தொடங்கப் போகிறேன். இடம் பார்த்தாயிற்று. திண்டுக்கல் ரோட்டுப் பக்கம், மாடியில் ஓர் அறை. கீழே புரோட்டாக் கடை. இயந்திரங்களும் தயார். ஒரு மேசை, ஒரு கத்தரிக்கோல், டேப் கிழிக்கிற ஸ்டாண்டு ஒன்று. லென்ஸ் அரைக்கிற மிஷின் எங்கே, உள்ளே முப்பட்டகக் கண்ணாடியை நேர்பார்த்துப் பொருத்துகிற ஆள் எங்கே என்று கேட்கிறவருக்குத் தொழில் தெரியவில்லை. பைனாகுலர் உற்பத்தியாளர் ஆவதற்குக் கண்ணாடி வேண்டியதில்லை. ஸ்டிக்கர் போதும்.

உற்பத்தியாளர் என்ற பட்டத்தை யார் கொடுப்பார்கள் என்ற கவலையும் கிடையாது. 2020 ஜூலை முதல் உத்யம் பதிவு வந்துவிட்டது. கட்டணம் இல்லை, ஆவணம் எதையும் ஏற்ற வேண்டியதில்லை, சுய அறிவிப்பே போதும். ஆதார் எண்ணைத் தட்டி, நான் உற்பத்தியாளன் என்று நானே சொல்லிக்கொண்டால் அரசாங்கமும் ஆமாம் என்று சான்றிதழ் அச்சடித்துத் தருகிறது. உழைத்துப் பிழைக்கிற சிறு தொழில்காரரை அலைக்கழிக்கக் கூடாது என்று கொண்டுவந்த நல்ல ஏற்பாடு அது. நல்ல ஏற்பாட்டுக்குள் முதலில் நுழைகிறவன் யார் என்பதுதான் நம் ஊர் கதை. அடுத்து, தனிநபருக்கு 4,500 ரூபாய் கட்டணத்தில் வணிகக்குறி விண்ணப்பம். கண்ணாடிக் கருவிகளெல்லாம் 9ஆம் வகுப்பில் வரும். விண்ணப்பம் போட்ட அன்றைக்கே பெயருக்குப் பக்கத்தில் குட்டியாக டிஎம் போட்டுக்கொள்ளலாம். பதிவு கிடைத்துவிட்டது என்று ஜனங்கள் நினைத்துக்கொண்டால் அது ஜனங்களின் பிழை.

சரக்கு? அது சீனாவிலிருந்து வரும். நிங்போ பக்கத்து வியாபாரி 500 உருப்படி எடுத்தால் லோகோவை இலவசமாகவே அச்சடித்துக் கொடுப்பான். துறைமுகத்தில் 9005 என்ற சுங்கத் தலைப்பின் கீழ் இறங்கும்போது அது சீனச் சரக்கு. தூத்துக்குடியிலிருந்து லாரி ஏறி கப்பலூர் தாண்டும்போது மௌனமாக இருக்கும். சமயநல்லூர் மாடிப்படி ஏறியதும் இந்தியச் சாதனை ஆகிவிடும். அட்டைப்பெட்டியைச் சிவகாசியில் அடித்துக்கொள்வேன். அந்தப் பெட்டி ஒன்றுதான் மொத்தப் பொருளிலும் தமிழன் கைபட்டது. குட்டி ஜப்பான் என்று பெயரெடுத்த ஊரின் அச்சுத் தொழிலாளி, நிஜ ஜப்பான்காரனே அசந்துபோகிற மாதிரி 'ஜப்பான் டெக்னாலஜி' என்று தங்க எழுத்தில் அடித்துத் தருவார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். நான் கொடுக்கிற கூலிக்கு வேலை செய்கிறவர், வண்ணம் பிசகாது.

பெயர் வைப்பதில்தான் கொஞ்சம் மூளை செலவாகும். வாய்க்குள் கூழாங்கல் உருளுகிற மாதிரி ஒரு ஜெர்மன் பெயர் வைத்தால் 2,000 ரூபாய் கூட்டி விற்கலாம். சகுரா, ஃபுஜி என்று பூவும் மலையும் சேர்த்தால் ஜப்பான் ஆயிற்று. இப்போதைய காற்றுக்கு சமஸ்கிருதம்தான் நல்ல விலை போகிறது. நான் 'சஞ்சயன்' என்று முடிவு செய்திருக்கிறேன். குருக்ஷேத்திரத்தில் நடந்ததை அஸ்தினாபுரத்தில் உட்கார்ந்தபடி பார்வையில்லாத அரசனுக்குச் சொன்னவன். அரசாங்க டெண்டருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

இனி எண்கள். பைனாகுலரின் மேல் 8x42 என்று போட்டிருந்தால், எட்டு மடங்கு பெருக்கிக் காட்டும், முன்கண்ணாடியின் விட்டம் 42 மில்லிமீட்டர் என்று பொருள். அவ்வளவுதான் ரகசியம். உலகத்துப் பறவை பார்க்கிறவர்கள் முக்கால்வாசிப்பேர் எட்டிலும் பத்திலும்தான் நிற்கிறார்கள். அதற்குமேல் போனால் கை நடுக்கமும் சேர்ந்து பெருகும், ஸ்டாண்டு வேண்டும். நம் ஆன்லைன் கடைகளில் போய்ப் பாருங்கள். 100x180! 1610 ஜனவரியில் கலிலியோ வியாழனின் நிலவுகளைக் கண்டது சுமார் 20 மடங்கு காட்டுகிற குழாயால். பாவம், கூரியர் வசதியில்லாத காலம். இன்றைக்கு இருந்திருந்தால் 799 ரூபாயில் 100 மடங்கு வாங்கியிருப்பார். 4,999 என்று போட்டு அடித்ததையும் சேர்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருப்பார்.

அந்த 180ஐ மட்டும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 180 மில்லிமீட்டர் என்றால் 18 சென்டிமீட்டர். இரண்டு குழலையும் பக்கத்தில் வைத்தால் 36. பிள்ளைகள் பையில் வைத்திருக்கும் அடிக்கோலைவிட அகலமான கருவி அது. ஆனால் டப்பாவைப் பிரித்தால் சட்டைப்பையில் போகிற பொம்மை வருகிறது. அதே அடிக்கோலை முன்கண்ணாடிமேல் வையுங்கள், 22 மில்லிமீட்டர் காட்டும். பிறகு கையை நீட்டி, வெளிச்சமான வானத்துக்கு எதிராகப் பிடித்து, கண் வைக்கிற பக்கத்தில் தெரியும் ஒளிவட்டத்தை அளந்து பாருங்கள். 3 மில்லிமீட்டர் இருந்தால் 22ஐ 3ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். ஏழு மடங்கு. நிஜமாகவே 22 மில்லிமீட்டர் கண்ணாடியில் 100 மடங்கு வேண்டுமென்றால் அந்த ஒளிவட்டம் கால் மில்லிமீட்டர்கூட இராது. கண்ணுக்குள் வருவது இருட்டு. ஆறாம் வகுப்புக் கணக்கு இது. கோடிக்கணக்கில் பொருள் அனுப்பும் கடைக்காரனின் கணினிக்கு நான் தேடிய செருப்பின் அளவு நினைவிருக்கிறது. இந்த வகுத்தல் மட்டும் வராது.

'நைட் விஷன்' தனி மோசடி. முன்கண்ணாடி செக்கச்செவேல் என்று மினுங்கும். 1935இல் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் ஸ்மகுலா கண்டுபிடித்த பூச்சு, கண்ணாடியில் பட்டுத் திரும்பி வீணாகிற ஒளியைக் குறைத்து உள்ளே விடுவதற்கானது. நம் மாணிக்கப் பூச்சு அதற்கு நேர்மாறு. சிவப்பு ஒளியைத் திருப்பி வெளியே துரத்துகிறது, அதனால்தான் நமக்குச் சிவப்பாகத் தெரிகிறது. வருகிற வெளிச்சத்திலும் ஒரு பங்கைத் துரத்திவிட்டு, இராத்திரியில் தெரியும் என்று விற்கிறார்கள். பகலிலேயே உலகம் பச்சையடித்துப்போய்த் தெரியும்.

மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு கடையில் இதைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"தம்பி, இது எங்க தயாரிச்சது?"

"ஜப்பான் டெக்னாலஜிண்ணே."

"அது சரி. செஞ்சது எந்த ஊரு?"

"டெக்னாலஜி ஜப்பான்ணே."

"அட செஞ்சது யாருய்யா?"

"அண்ணே, தூரத்துல இருக்கிறது கிட்டத்துல தெரியணும். அதுக்குத்தான வாங்குறீக? செஞ்சவன் மூஞ்சி நமக்கு எதுக்கு?"

இந்தப் பையனைக் கோபித்துப் பயனில்லை. ஆனால் ஒரு முழுத் தொழிலின் கொள்கை விளக்கத்தை அவன் ஒரே மூச்சில் சொல்லிவிட்டான்.

ஒருவன் செய்து இன்னொருவன் பெயரில் விற்பது புதுசும் இல்லை, அதுவே குற்றமும் இல்லை. இன்று அமெரிக்கக் கடைகளில் நிமிர்ந்து நிற்கிற புஷ்னெல், 1948இல் ஜப்பான் பைனாகுலர்களை இறக்குமதி செய்து விற்கத் தொடங்கிய வியாபாரம். மியாமியில் 1954இல் தொடங்கிய டாஸ்கோ முதலில் தூண்டில் சாமானும் இரும்புச் சாமானும் விற்றது. அந்தக் காலத்தில் தோக்கியோவின் இதபாஷி வட்டாரத்தில் நாலரைப் பாய் விரிக்கிற அறைக்குள் குடும்பமாக உட்கார்ந்து பைனாகுலர் கோத்தவர்கள் நிறைய. கடல் தாண்டியதும் அவை நூற்றுக்கணக்கான பெயர்களில் ஞானஸ்நானம் பெற்றன. ஆனால் ஜப்பான் ஒரு காரியம் செய்தது. தையல் மிஷினுக்கும் பைனாகுலருக்கும் என்றே 1959இல் ஓர் ஏற்றுமதிச் சட்டம் போட்டது. பரிசோதித்து, தேறியதற்கு 'பாஸ்டு' என்று சின்ன ஸ்டிக்கர் ஒட்டியது. உடம்பில் ஜேபி என்று தொடங்கும் ஓர் எண், ஜேஇ என்று இன்னோர் எண். அமெரிக்கக்காரன் வெளியே எந்தப் பெயரை வேண்டுமானாலும் ஒட்டட்டும், உலோகத்தைப் பார்த்தால் எந்தப் பட்டறை செய்தது என்று கண்டுபிடித்துவிடலாம். அறுபது வருடம் கழித்தும் பழைய பைனாகுலர் சேகரிக்கிறவர்கள் அந்த எண்ணை வைத்து, பெயர் மறைந்துபோன பட்டறையைத் தேடி எடுக்கிறார்கள். செய்தவனுக்கு அவ்வளவாவது மிச்சம் இருந்தது.

சீனா என்றாலே குப்பை என்கிறவர்களுக்கும் ஒன்று. குன்மிங் நகரில் 1939இலேயே, ஜப்பான் குண்டு போட்டுக்கொண்டிருந்த நாட்களில், ராணுவத்துக்கு பைனாகுலர் செய்து கொடுத்தார்கள். இன்றும் அந்த ஊரில் செய்கிற நல்ல கருவிகள் மேற்கு நாட்டுப் பெயர்களில் உலகமெல்லாம் போகின்றன. நல்ல விலை கொடுத்தால் நல்ல பொருள் செய்கிறான்; 'நூறு ரூபாயில் நூறு மடங்கு எழுதிக் கொடு' என்று இங்கிருந்து போகிறவன் கேட்டால் அதையும் எழுதிக் கொடுக்கிறான். பொய் எண் சீனாவில் பிறக்கவில்லை. ஆர்டரில் பிறக்கிறது.

நம் பக்கத்துப் பழைய ஏமாற்றில்கூட ஒரு நகைச்சுவை இருந்தது. பம்பாய் அருகே உல்லாஸ்நகரில் செய்த சாமானில் 'மேட் இன் யூஎஸ்ஏ' என்று இருக்கும். கேட்டால் உல்லாஸ்நகர் சிந்தி அசோசியேஷன் என்று விளக்கம் சொல்வார்களாம். பிரிவினையில் வீடு வாசல் இழந்து வந்தவர்கள் தாங்களே கைப்பட ஒரு பொருளைச் செய்து, அந்நிய மோகம் பிடித்த நம்மைப் பார்த்துக் கண்ணடித்தார்கள். இன்றைய ஆள் எதையும் செய்வதில்லை. அந்நியப் பொருளின்மேல் தேசியக்கொடியை ஒட்டி நம்மையே எழுந்து நிற்கச் சொல்கிறான்.

ஒட்டுக்குக்கூடச் சோம்பல் பட்ட மகான்களும் உண்டு. 2016 பிப்ரவரியில் 251 ரூபாய்க்கு ஸ்மார்ட்போன் என்று ஒரு நொய்டா கம்பெனி டெல்லியில் விழா எடுத்தது. பாஜகவின் மூத்த தலைவர் முரளி மனோகர் ஜோஷி மேடையில் இருந்தார். பத்திரிகைக்காரர்களுக்குக் கொடுத்த மாதிரி போனைச் சுரண்டினால் வெள்ளை மைக்கு அடியில் 'ஆட்காம்' என்று இன்னொரு கம்பெனியின் பெயர்! பள்ளிப் பிள்ளைகள் நோட்டில் தப்பை அழிக்கிற அதே வைட்னர். ஒரு தேசத்தின் டிஜிட்டல் கனவு அந்தக் குப்பியின் தூரிகையில் நின்றது. மறுவருடம் மோசடிப் புகாரில் நிர்வாக இயக்குநர் கைதானார்.

செல்போனோடு போயிருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். 2017 ஜூலையில் சிபிஐ ஒரு வழக்குப் பதிந்தது. நம் 'தனுஷ்' பீரங்கிக்காக ஜபல்பூர் தொழிற்சாலைக்கு வந்த பேரிங்குகள் சீனாவில் செய்தவை, அவற்றை 'மேட் இன் ஜெர்மனி' என்று கொடுத்திருக்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு. 2025 பிப்ரவரியில், சீன உதிரிப்பாகங்கள் இருக்கின்றன என்று சொல்லி 400 ட்ரோன்களுக்கான ஒப்பந்தங்களை ராணுவம் ரத்து செய்தது; மதிப்பு 230 கோடி ரூபாய்க்கு மேல். எல்லையில் எதிரே நிற்கிறவனிடமே உதிரி வாங்கி, மேலே மூவர்ணம் பூசி, அவனைப் பார்ப்பதற்கென்று நம் சிப்பாய் கையில் கொடுக்கலாம் என்று நினைக்க ஒரு துணிச்சல் வேண்டும். அந்தத் துணிச்சலுக்குப் பெயர் தற்சார்பு. கேள்வி கேட்டால் நீ தேசத்துரோகி. கேட்கும்போது நான் கையில் வைத்திருப்பது வெறும் சுரண்டுகிற காசுதான், வேறு ஆயுதமில்லை.

பெயர் ஒட்டுகிற வேலையில் அரசாங்கங்களுக்கும் நல்ல கைப்பழக்கம் உண்டு. இங்கிருந்து மதுரையைத் தாண்டி மேலூர்ப் பக்கம் போனால் அரிட்டாபட்டி. லகுடு, வல்லூறு, ராசாளி எல்லாம் பாறை முகட்டில் வந்து உட்காரும் ஊர். நல்ல பைனாகுலர் ஒன்று வைத்திருப்பவன் போக வேண்டிய இடம். 2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு அதைப் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. 2024 நவம்பரில் ஒன்றிய அரசு 2,015.51 ஹெக்டேரை டங்ஸ்டன் சுரங்க ஏலத்தில் வேதாந்தா குழுமத்தின் இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்துக்கு ஒதுக்கியபோது அந்த நிலத்தின்மேல் ஒட்டியிருந்த பெயர் 'நாயக்கர்பட்டி'. அரிட்டாபட்டி என்று அட்டையில் அச்சடித்திருந்தால் அன்றைக்கே கூச்சல் கிளம்பியிருக்கும் அல்லவா? வல்லாளப்பட்டிக்காரரும் நரசிங்கம்பட்டிக்காரரும் ஸ்டிக்கரைச் சுரண்டிப் பார்த்தார்கள். உள்ளே தங்கள் வயலும் குடைவரைக் கோயிலும் இருந்தன. 2025 ஜனவரி 7ஆம் தேதி மதுரை வரை நடந்தே வந்தார்கள். 23ஆம் தேதி ஏலம் ரத்து. பைனாகுலர் வாங்குகிறவனுக்கு அப்படி நடக்க ஓர் ஊர் கிடையாது, அவன் தனி ஆள், வீட்டில் டப்பாவைப் பிரித்து முகம் சுருங்குகிறவன்.

எங்கள் பக்கத்து ஊர் தேனூர். ஒரு காலத்தில் கள்ளழகர் அங்கேதான் ஆற்றில் இறங்கினார் என்றும், திருமலை நாயக்கர் அந்த விழாவை மதுரைக்குக் கொண்டுபோனார் என்றும் சொல்வார்கள். கொண்டுபோனதுதான், ஆனால் வண்டியூரில் அழகர் வந்து தங்குகிற மண்டபத்துக்கு இன்றும் தேனூர் மண்டபம் என்றுதான் பெயர். எந்த ஊர்ச் சரக்கு என்று கல்லிலேயே எழுதிவைத்த மாதிரி. ஸ்டிக்கர் இல்லாத காலத்து ராஜாவுக்கு இருந்த கூச்சம் அது.

'நம்மால் லென்ஸ் செய்ய முடியாது சார், அதனால்தான் ஒட்டுகிறோம்' என்று யாராவது வந்தால் அவரை மதுரையைச் சுற்றிக் காட்ட வேண்டும். 1976இல் 11 படுக்கையோடு டாக்டர் வெங்கடசாமி தொடங்கியது அரவிந்த் கண் மருத்துவமனை. கண்புரை எடுத்தபிறகு கண்ணுக்குள் வைக்கிற லென்ஸ் வெளிநாட்டிலிருந்து யானை விலையில் வந்துகொண்டிருந்தது. 1992இல் ஆரோலேப் என்று ஒரு தொழிற்கூடம் போட்டு இங்கேயே செய்தார்கள். விலை பாதாளத்துக்கு வந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் இன்று மதுரை லென்ஸ் மனிதக் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. யாரும் அதன்மேல் ஜெர்மன் பெயர் ஒட்டவில்லை. டேராடூனில் 1943 முதல் அரசாங்கத் தொழிற்சாலை ராணுவத்துக்குக் கண்ணாடிக் கருவிகள் செய்கிறது. கண்ணுக்கு உள்ளே வைக்கிறதைச் செய்கிற ஊரில், கண்ணுக்கு முன்னால் பிடிக்கிறதைச் செய்ய வராதா? வரும். மெனக்கெட வேண்டும், ஆட்களுக்குப் பழக்கிக் கொடுக்க வேண்டும், முதல் சில வருடம் நஷ்டம் தாங்க வேண்டும். ஸ்டிக்கர் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும்.

பாதிக்கப்படுவது யார் என்று பாருங்கள். பெரிய பணக்காரன் சிங்கப்பூரில் வாங்கிக்கொள்வான். சாமநத்தம் கண்மாய்க்கு வருகிற நாரையைப் பார்க்க ஆசைப்பட்டு உண்டியலை உடைத்த பையன்தான் இந்த 100x180 வாங்குகிறவன். இரண்டு குழலும் ஒரே கோட்டில் நிற்காது, ஒரு நாரை இரண்டாகத் தெரியும், கால் மணியில் தலை வலிக்கும். அப்பன் கருவியைச் சந்தேகப்படமாட்டான். பையன் கண்ணைத்தான் சந்தேகப்படுவான். "செல்லுல கெடந்தா இப்பிடித்தான்டா" என்று ஒரு குட்டும் விழும். பறவை பார்க்கிற ஆசை அன்றைக்குப் பரண்மேல் ஏறினால் அப்புறம் இறங்காது. ஒரு பிள்ளையின் ஆசையைக் கொன்று 300 ரூபாய் லாபம் பார்த்தவனுக்குத்தான் இளம் தொழில்முனைவோர் விருது கொடுத்து, பொன்னாடை போர்த்தி, 'இந்தியா எழுகிறது' என்று கைதட்டுகிறோம். நிங்போவில் தினக்கூலிக்கு அந்தக் குழாய்களைக் கோத்த பெண்ணின் பெயர் மேடையில் வராது. அவளுக்கு எண்கூடக் கிடையாது.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. நம்மிடம் இல்லாத சட்டம் எது? 2011ஆம் ஆண்டு பொட்டலப் பொருள் விதிகளின்படி செய்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும் டப்பாவில் இருக்க வேண்டும். எந்த நாட்டில் செய்தது என்பதை ஆன்லைன் கடைகளும் காட்ட வேண்டும் என்று 2018 ஜனவரி முதல் விதி. 2020இல் மின்வணிக விதிகளும் வந்தன. தமிழ்நாட்டில் இதைப் பார்த்துக்கொள்வது தொழிலாளர் துறை. அதனால் நம் ஆட்கள் சட்டத்தை மதிக்கிறார்கள். சஞ்சயன் என்பது டப்பாவின் நெற்றியில் கொட்டை எழுத்தில் இருக்கும். 'மார்க்கெட்டிங் செய்பவர்' நடுவில். சீனா என்ற சொல் அடிப்பாகத்தில், பார்கோடுக்குப் பக்கத்தில், எறும்பு வாசிக்கிற அளவில். இணையத்தில் அந்த வரியைப் பார்க்க நான்கு இடத்தில் விரலால் தட்டிக் கீழே கீழே போக வேண்டும். அதைப் பெரிதாகக் காட்டக்கூடிய ஒரே கருவியை அவர்களிடமே வாங்கியாக வேண்டும், அதுவும் தெளிவாகத் தெரியாது.

மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று என் தொழிற்சாலைக் கணக்கில் எழுதிவைத்திருக்கிறேன். விதிப்படி விவரம் இல்லாத பொட்டலத்தை விற்றால் 2009ஆம் ஆண்டு எடையளவுச் சட்டம் முதல் தவறுக்கு விதித்த உச்ச அபராதம் 25,000 ரூபாய். என் முதல் சரக்கு 500 உருப்படி. வகுத்தால் டப்பாவுக்கு 50 ரூபாய். ஆய்வாளர் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, அந்த 50ஐ இப்போதே விலையில் ஏற்றிவிட்டேன். தள்ளுபடி போக 849.